இரண்டாம் எண்ணிக்கையில் கரைசேராத முப்பது இலட்சம் வாக்குகள்: தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலின் முடிவு மறுநாள் மாலை வெளியானது. அன்றிலிருந்து இரண்டு பேச்சுகள் ஓயவில்லை. "நூற்றுக்கு 42 பேர் மட்டும் தெரிவு செய்த ஜனாதிபதி" என்கிறது ஒரு பக்கம். "55.89 வீதம் பெற்று வென்றவர்" என்கிறது மறுபக்கம். இரண்டும் சரியான எண்கள்தான். எந்த மொத்தத்தின் வீதம் என்பதுதான் பேசுகிறவர்கள் பலருக்குத் தெரியவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். 1988இல் ரணசிங்க பிரேமதாச 50.43 வீதத்துடனும், 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 வீதத்துடனும் நூலிழையில் தப்பினார்கள். வாக்காளர் தன் சீட்டில் 1, 2, 3 என்று மூவருக்கு விருப்பு வாக்கு எழுதலாம்; யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவர் தவிர மற்றவர்கள் விலக்கப்பட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் 2, 3 எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கப்படும். அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரையில் 1978 முதல் எழுதிக் கிடக்கும் இந்த இரண்டாம் எண்ணிக்கை, ஒன்பதாவது தேர்தலில்தான் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. வந்த அன்றே அது பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பியது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

செல்லுபடியான வாக்குகள் 13,319,616. வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915 (42.31 வீதம்), இரண்டாமிடத்தில் நின்ற சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. மற்ற வேட்பாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து விழுந்தவை 3,321,666. இரண்டாம் எண்ணிக்கையில் இந்த முப்பத்து மூன்று இலட்சம் சீட்டுகளைத்தான் திரும்பவும் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலிருந்து திசாநாயக்கவுக்கு 105,264 வாக்கும் பிரேமதாசவுக்கு 167,867 வாக்கும் சேர்ந்தன. கூட்டினால் 273,131. நூறு சீட்டை எடுத்தால் எட்டுச் சீட்டு மட்டும் முன்னணியில் நின்ற இருவரில் ஒருவரைச் சென்றடைந்தது. மிச்சம் 3,048,535 வாக்குகள் இறுதி முடிவில் எந்தப் பக்கமும் சேரவில்லை.

55.89 என்ற எண் பிறந்தது இப்படித்தான். திசாநாயக்கவின் இறுதித் தொகை 5,740,179. அதை இருவருக்கும் சேர்ந்த 10,271,081ஆல் வகுத்தால் 55.89 வீதம் வருகிறது. செல்லுபடியான மொத்த வாக்கால் வகுத்தால் 43.1 வீதம்தான் வரும். சட்டம் கேட்பது முதற்கணக்கை; அதன்படி வெற்றியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் "நாட்டின் பாதிப்பேர் இவரை ஏற்றார்கள்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லத்தான் விருப்பு வாக்கு என்ற ஏற்பாடே செய்யப்பட்டது. அந்த வாய்ப்பு வென்றவருக்கும் கிடைக்கவில்லை. தோற்றவருக்கும் "பாதிப்பேர் என்னை மறுத்தார்கள்" என்று தெளிவாகத் தெரியவில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். இடம் மாறிய 273,131 வாக்குகளில் பிரேமதாசவுக்குப் போனவை 61.5 வீதம். முப்பத்து மூன்று இலட்சமும் இதே விகிதத்தில் மாறியிருந்தால் திசாநாயக்க ஏறத்தாழ 6,915,000 வாக்கு, அதாவது 51.9 வீதம் பெற்று வென்றிருப்பார். பிரேமதாச முந்த வேண்டுமென்றால் அந்தச் சீட்டுகளில் 69 வீதத்துக்கு மேல் அவருக்கு வந்திருக்க வேண்டும். 2, 3 எழுதியவர்களின் மனநிலைதான் எழுதாதவர்களுக்கும் இருந்தது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே "எப்படியும் இவர்தான் வென்றிருப்பார்" என்பதற்கும் ஆதாரமில்லை, "விருப்பு வாக்கு சரியாக விழுந்திருந்தால் முடிவே மாறியிருக்கும்" என்பதற்கும் ஆதாரமில்லை. சந்தேகம் எஞ்சியிருப்பதே குறை. அந்தக் குறையால் எந்தக் கட்சிக்கும் நன்மையில்லை.

ஏன் 2, 3 எழுதப்படவில்லை? மக்களின் அலட்சியம் என்று சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. முதற்காரணம் கைப்பழக்கம். நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடி (X). பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரைக்கும் புள்ளடி. உள்ளூராட்சித் தேர்தலிலும் புள்ளடி. நாற்பது வருடமாகப் புள்ளடி இட்டுப் பழகிய கை, ஜனாதிபதித் தேர்தலிலும் புள்ளடியையே இடுகிறது. ஒரேயொரு புள்ளடி இருந்தால் அதை முதல் விருப்பாக ஏற்று எண்ணுகிறீர்கள், அது நியாயமும்கூட. ஆனால் புள்ளடிக்கு அடுத்தபடி இல்லை. வாக்கு செல்லுபடியாகிவிடுவதால், அது பாதி வழியில் நின்றுவிடும் என்பது எட்டுத் தேர்தல்களாக யாருக்கும் தெரியவரவில்லை.

இரண்டாவது காரணம் பயம். "இரண்டாவது போட்டால் முதலாமவருக்குக் குறையும்" என்று படித்தவர்களே நம்புகிறார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் மூன்று விருப்பு வாக்கும் சமம்; ஒரே கட்சிக்குள் ஒருவருக்குப் போடுவது இன்னொருவருக்குப் போட்டியாகத்தான் முடிகிறது. அந்த அனுபவத்தை இங்கேயும் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். ஜனாதிபதித் தேர்தலில் நடப்பது வேறு. நீங்கள் 1 எழுதியவர் முதல் இருவரில் ஒருவரானால் உங்கள் சீட்டின் 2ஐயும் 3ஐயும் யாரும் பார்ப்பதே இல்லை. அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்ட பிறகுதான் 2 பார்க்கப்படும். 2 எழுதப்பட்டவரும் விலக்கப்பட்டிருந்தால் 3 பார்க்கப்படும். 2ஆலோ 3ஆலோ முதலாமவருக்கு ஒரு வாக்குக்கூடக் குறைய வழியில்லை. "எங்கள் சின்னத்துக்கு மட்டும் போடுங்கள்" என்று மேடையில் கேட்பது கட்சிகளின் வழக்கம். அவர்களிடமிருந்து இந்த விளக்கம் வராது. ஆணைக்குழுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, 2, 3 எழுதியும் பயன்படாமல் போகும் வழி ஒன்று இருக்கிறது. கடந்த முறை சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. ஒருவர் வேட்புமனுவுக்குப் பின் இறந்துவிட்டார். விருப்போ மூன்று மட்டும்தான். மூன்றையும் வெற்றி வாய்ப்பில்லாத மூவருக்கு எழுதினால், சீட்டு ஒழுங்காக இருந்தும் இரண்டாம் எண்ணிக்கையில் நின்றுவிடும். வாக்காளருக்குச் சொல்ல வேண்டிய நடைமுறை விதி எளிது: மனதுக்குப் பிடித்தவருக்கு 1 எழுதுங்கள், அவர் வெல்வாரா என்று கவலைப்படாதீர்கள்; ஆனால் மீதி இரண்டு எண்ணில் ஒன்றையாவது, முதல் இருவருக்குள் வரக்கூடியவர்களில் உங்களால் ஏற்கக்கூடியவருக்கு எழுதுங்கள். பெயர் சொல்லாமல், கட்சி சாராமல் சொல்லக்கூடிய வாசகம்தான் இது. தமிழ் அமைப்புகள் சேர்ந்து நிறுத்திய தமிழ்ப் பொது வேட்பாளருக்கு 226,343 பேர் வாக்களித்தார்கள். "கொள்கைக்கு ஒரு வாக்கு, ஆட்சிக்கு ஒரு வாக்கு" என்று பிரித்துப் பார்க்கும் தேவை இந்த நாட்டில் தமிழருக்கும் மலையகத்தாருக்கும் முஸ்லிம்களுக்கும் மற்ற எவரையும்விட அதிகம். அதற்கு இடம் தருவது இந்தச் சீட்டு ஒன்றுதான்.

விளம்பரப் பலகையில் "1, 2, 3 என்று இலக்கமிடுங்கள்" என்று எழுதிப் போடுவதால் மட்டும் இது விளங்காது. அடையாளமிடக் கற்றுக்கொடுத்தால் போதாது. எண்ணிக் காட்ட வேண்டும். கிராம அலுவலர் பிரிவு ஒவ்வொன்றிலும் செய்யக்கூடிய ஒரு பயிற்சியை முன்வைக்கிறோம். முப்பது பேர், முப்பது துண்டுச் சீட்டு, ஒரு பெட்டி, ஒரு கரும்பலகை. முக்கால் மணி நேரம் போதும். ஐந்து "வேட்பாளர்" வேண்டும். நிறங்களை வைக்காதீர்கள், சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் கட்சி நிறங்கள். பூ, விலங்கு, பொருள் எதுவும் வேண்டாம், அவை சின்னங்களாகிவிட்டன. மாதப் பெயர்கள் நல்லது: தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி.

முதற்சுற்றில் எதையும் விளக்காமல் வாக்களிக்கச் சொல்லுங்கள். தைக்கு 12, மாசிக்கு 9, பங்குனிக்கு 5, சித்திரைக்கு 3, வைகாசிக்கு 1 என்று விழுந்ததாக வைத்துக்கொள்வோம். வெல்ல 16 வேண்டும், யாருக்கும் இல்லை. இப்போது பங்குனி, சித்திரை, வைகாசிக்கு விழுந்த ஒன்பது சீட்டையும் மேசையில் விரித்து, ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டுங்கள். ஏழில் ஒற்றைப் புள்ளடி. இரண்டில் மட்டும் மாசிக்கு 2 என்றால், தை 12, மாசி 11. முப்பது பேரில் பன்னிரண்டு பேரோடு தை வென்றுவிடும். அந்த ஏழு சீட்டையும் தனியே அடுக்கி வைத்து, "இவர்கள் கடைசி முடிவில் இல்லை" என்று காட்டுங்கள். பிறகு முறையை விளக்கி, மறுபடி வாக்களிக்கச் சொல்லுங்கள். ஒன்பது சீட்டும் பேசத் தொடங்கி, ஏழு மாசிக்கும் இரண்டு தைக்கும் போனால் மாசி 16, தை 14. இதோடு நிறுத்திவிடக் கூடாது. முன்னணியில் நிற்பவர் முன்னணியிலேயே வெல்லும் இன்னொரு உதாரணத்தையும் அவசியம் எண்ணிக் காட்டுங்கள். இல்லாவிட்டால், முதலிடத்தில் இருப்பவரைக் கவிழ்க்கத்தான் விருப்பு வாக்கு என்ற பேச்சு ஊரில் கிளம்பிவிடும். அதைத் திருத்துவது கடினம்.

பாடசாலைகளில் மாணவர் நாடாளுமன்றத் தேர்தல்கள் ஏற்கெனவே நடக்கின்றன. அங்கே ஒரு பதவியையாவது 1, 2, 3 முறையில் நிரப்பச் சொன்னால், 2029இல் முதன்முறை வாக்களிக்கப் போகும் பிள்ளைகள் வீட்டுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பார்கள்.

சீட்டு கெட்டுப்போகும் வழிகளைப் படத்தோடு காட்டுவதும் அவசியம். இருவருக்கு 1 எழுதுவது, 1 இல்லாமல் 2 மட்டும் எழுதுவது, இருவருக்குப் புள்ளடி இடுவது, பெயரோ கையெழுத்தோ வைப்பது. புள்ளடியையும் எண்ணையும் ஒரே சீட்டில் கலக்கவே கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பழைய பழக்கத்திலிருந்து புதிய பழக்கத்துக்கு வருகிறவர் செய்யக்கூடிய முதல் பிழை அதுதான். எழுத்தின் உருவமும் சிக்கல் தரும். மேலே கொக்கி வைத்து எழுதிய 1 சிலர் கையில் 7 போலத் தெரியும். அவசரத்தில் எழுதிய 2, 3 ஒன்றுபோலிருக்கும். வாக்கெண்ணும் அலுவலர்களுக்கும் கட்சி முகவர்களுக்கும் ஒரே மாதிரிப் படக் கைநூல் கொடுத்தால், யாழ்ப்பாணத்தில் ஏற்கப்படும் சீட்டு மாத்தறையில் நிராகரிக்கப்படும் நிலை வராது. வாக்காளர் அட்டையின் பின்பக்கத்தில் சரியாக நிரப்பிய சீட்டொன்றின் படம், வாக்களிக்கும் மறைவிடத்தில் கண்ணுக்கு நேரே அதே படம், சீட்டைக் கையில் கொடுக்கும் அலுவலரின் வாயில் அவரவர் மொழியில் ஒரே வாசகம்: "1 எழுதுங்கள், விரும்பினால் 2உம் 3உம் எழுதலாம்." இவை எதற்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை.

முடிவை அறிவிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். இரண்டாம் எண்ணிக்கை நடந்தால், மாவட்டவாரியாக நான்கு தொகைகளைத் தனித்தனியே வெளியிடுங்கள்: மீளப் பார்க்கப்பட்ட சீட்டுகள், 2ஆல் மாறியவை, 3ஆல் மாறியவை, எங்கும் சேராதவை. எங்கும் சேராதவற்றை இன்னும் இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஒற்றை அடையாளம் மட்டும் உள்ளவை ஒன்று, மூன்று எண்ணும் விலக்கப்பட்டவர்களுக்கே போனவை மற்றது. முதலாவது அதிகமென்றால் அறிவூட்டலில் குறை. இரண்டாவது அதிகமென்றால் மூன்று விருப்பு போதவில்லை என்று பொருள், அப்போது 94ஆம் உறுப்புரையைத் திருத்துவது பற்றி நாடாளுமன்றம் பேசலாம். 2024இன் சீட்டுகளுக்கும் இந்தப் பிரிப்பு உங்கள் ஏடுகளில் இருக்குமானால் தயவுசெய்து வெளியிடுங்கள். தனியாக இன்னொரு வாக்களிப்பு நாள் வைக்கலாம் என்ற யோசனையும் எழுகிறது. கையில் உள்ள முறையை நூற்றுக்கு எட்டு அளவில் பயன்படுத்திவிட்டு, அது தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து 2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த நாடாளுமன்றத் தேர்தல். செப்டெம்பரில் நிராகரிக்கப்பட்டவை 300,300, அளிக்கப்பட்டவற்றில் 2.2 வீதம். நவம்பரில் 667,240, அதாவது 5.65 வீதம். எட்டே வாரத்தில், அதே வாக்காளர்கள். 1, 2, 3 கேட்ட சீட்டுக்குப் பின் புள்ளடி கேட்கும் சீட்டு. அதிலும் கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கங்களுக்கு மட்டும் இட்டால் முழுச் சீட்டும் போய்விடும். யாழ்ப்பாண மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள். நிராகரிக்கப்பட்டவை 32 ஆயிரத்துக்கும் மேல், ஏறத்தாழ 9 வீதம். அங்கே ஆசனம் வென்ற அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்குக் கிடைத்ததோ 27,986.

அதே யாழ்ப்பாண முடிவுதான் "இது எப்படி நியாயம்?" என்ற கேள்வியையும் கிளப்பியது. திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குடன், 24.85 வீதத்துடன், ஆறில் மூன்று ஆசனம். இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி 63,327 வாக்குடன் ஒன்று. தமிழ்க் காங்கிரஸ் ஒன்று. 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855 வாக்குடன் ஒன்று. மோசடி எதுவும் இல்லை. கணக்கு இப்படி ஓடுகிறது. அதிக வாக்கு பெற்ற பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம். 5 வீதத்துக்குக் கீழே நின்றவர்களின் வாக்குகள் கழிக்கப்படும். யாழ்ப்பாணத்தில் இது செல்லுபடியான 325,312இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. எஞ்சிய சுமார் 240,000ஐ மீதி ஐந்து ஆசனத்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 48,000. தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழ் அரசுக்கு ஒன்று. மூன்று ஆசனம் மிச்சம். அவை பெரிய மீதிக்குப் போகும். தேசிய மக்கள் சக்தியின் மீதி 32,000க்கு மேல், தமிழ்க் காங்கிரசின் 27,986, சுயேச்சைக் குழுவின் 27,855. தமிழ் அரசின் மீதி 15,000 அளவுதான். போனஸ் இல்லாமல் ஆறையும் ஒரே முறையில் பகிர்ந்திருந்தால் இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று என்று வந்திருக்கும்.

நாடு முழுவதும் இதே போனஸ் 22 மாவட்டத்துக்கு 22 ஆசனம். அதில் 21ஐத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. மட்டக்களப்பு மட்டும் தமிழ் அரசுக்கு. 61.56 வீத வாக்குக்கு 225இல் நேர்விகிதப்படி வரவேண்டியது 138 அல்லது 139, வந்தது 159. மூன்றில் இரண்டுக்கான 150 என்ற கோடு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அரசியலமைப்பையே மாற்றக்கூடிய பலம் மக்கள் வாக்கிலிருந்து எவ்வளவு, பகிர்வு விதியிலிருந்து எவ்வளவு என்பது எந்தக் கட்சி வென்றாலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆத்திரத்தில் சிலர் "பழைய தொகுதி முறைக்கே போவோம்" என்கிறார்கள். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 வீதம் பெற்று 17 ஆசனம். அதைவிடக் குறைவாக 36.9 வீதம் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 91. 1977இல் 50.9 வீதத்துக்கு 168இல் 140. இந்த எண்களைப் பார்த்தவர் எவரும் அங்கே திரும்ப விரும்பமாட்டார். மாகாண சபைகளுக்கு 2017இல் முறையை மாற்றப் போய், எல்லை நிர்ணயம் முடியாமல், ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல் கிடந்ததும் கண்முன்னே இருக்கிறது. முறை முழுவதையும் கலைக்க வேண்டாம். போனஸ் ஆசனத்தைச் சாதாரணப் பகிர்வோடு சேர்த்துவிடும் ஒற்றைத் திருத்தமே பெரிய சாய்வைச் சரிசெய்யும். ஆசனப் பகிர்வில் சேர்வதற்கான வெட்டுப்புள்ளி 12.5 வீதமாக இருந்து 1988இல் 5 ஆகக் குறைக்கப்பட்டதற்கும் ஒற்றைத் திருத்தம்தான் தேவைப்பட்டது.

ஆசனப் பகிர்வு விதியைச் சொல்லும் 99ஆம் உறுப்புரையைத் திருத்தும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் கடந்த நாடாளுமன்றத் தேர்தல்களின் வாக்குகளைப் போனஸ் உள்ள விதிப்படியும் போனஸ் இல்லாத விதிப்படியும் கணக்கிட்டு, 22 மாவட்டங்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்று மொழியிலும் ஓர் அறிக்கையாக நாடாளுமன்றத்துக்கு அனுப்ப உங்களால் முடியும். விருப்பு வாக்குப் பயிற்சிக்கான கைநூலை அடுத்த தேர்தல் அறிவித்தலுக்குக் காத்திராமல் இப்போதே அச்சிடலாம். வேட்புமனு ஏற்கப்பட்ட பிறகு கிடைக்கும் சில வாரங்கள் இந்த வேலைக்குப் போதாது. மாதிரிச் சீட்டுகள், எண்ணிக் காட்டும் தாள், அலுவலருக்கான படங்கள் ஆகியவற்றின் வரைவைத் தமிழில் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். எந்த மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதை அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
வாக்காளர் கல்வியிலும் வாக்கெண்ணும் பணியிலும் ஈடுபட்டிருப்போர்